ஆறு மணிக்கு வந்தவர்களிடம் நான் சொன்ன பொய்

வடகரையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். பிள்ளைகளுக்காக முழங்காலில் நின்று அழுகிற எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியை எழுதச் சொல்லி எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் மூன்று மாதமாகக் கேட்கிறார்கள். எழுதினால் நான் சொன்ன பொய்யையும் சேர்த்து எழுத வேண்டுமே என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். ஆண்டவர் செய்த நன்மையைப் பாதி சொல்லிப் பாதி மறைப்பது சரியில்லை என்று இப்போது எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெருமை பேசக்கூடாது என்று எங்கள் போதகர் ஐயா அடிக்கடி பிரசங்கிப்பார். ஐயா என்னை மன்னிக்கட்டும். என் மகள் ஜெபசெல்வி நூறு மீட்டர் ஓடுகிறவள். நம் நாட்டின் பெயர் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள். தென்காசியில் பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கினாள். மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, தேசியப் பயிற்சி முகாமுக்கும் போனாள். போன வருஷம் ஆசிய அளவிலான தடகளப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் வீட்டுக்காரர் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. இடி மாதிரி இன்னொரு செய்தி வந்தது.

பெரிய போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தினமும் ஏதாவது ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்து வைக்க வேண்டும். ஊக்கமருந்து எடுத்திருக்கிறார்களா என்று சோதிக்கிறவர்கள் எந்த நாளும் வரலாம். சொல்லாமல்தான் வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆள் அங்கே இல்லையென்றால் அது ஒரு தவறு. ஒரு வருஷத்துக்குள் மூன்று தவறு விழுந்தால், மருந்து என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையாக இருந்தாலும் தடைதான். இரண்டு வருஷம்கூட ஓடவிடாமல் நிறுத்திவிடுவார்கள். செல்விக்கு இரண்டாவது தவறு விழுந்துவிட்டது என்பதுதான் வந்த செய்தி.

முதல் தவறு என்னால் வந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி மெயினருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கூட்டம் சேருவதற்கு முன்னால் குளித்துவிட்டு வரலாம் என்று விடியும் முன்னே எல்லாரையும் நான்தான் கிளப்பினேன். “எம்மா, ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்” என்றாள். “அஞ்சரைக்கெல்லாம் திரும்பிரலாம்ட்டி” என்றேன். அருவியில் தலையைக் கொடுத்த பிறகு யாருக்கு மணி தெரியும்? வீட்டுக்கு வரும்போது ஏழேகால். வந்தவர்கள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவது தடவை, அவள் முகாமுக்குத் திரும்பிய ரயில் நான்கு மணி நேரம் தாமதம். அவள் ரயிலில் இருந்தாள், அவர்கள் விடுதி வாசலில் நின்றார்கள்.

“இன்னும் ஒண்ணு விழுந்திச்சுன்னா எல்லாம் போச்சும்மா” என்று போனில் அழுதாள். தொடைத் தசை பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நொண்டியபோதுகூட என் பிள்ளை அழுததில்லை. போட்டிக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷ உழைப்பு என் ஒரு குளியலில் போய்விடுமோ என்று தவித்தேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு ஜெபம்தான் செய்தேன். தங்கம் வேண்டும் என்று கேட்கவில்லை. “ஆண்டவரே, அவர்கள் வரும்போது என் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். என் பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவர்கள் வர வேண்டும்.” காலையிலும் இதே, மாலையிலும் இதே. வெள்ளிக்கிழமை உபவாசத்திலும் இதே. சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து எனக்காக ஜெபித்தார்கள்.

வெளிநாடு புறப்படுவதற்கு முன்னால் மூன்று நாள் விடுப்பில் செல்வி வீட்டுக்கு வந்தாள். காலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் இருப்பேன் என்று பதிந்திருந்தாள். “எம்மா, யாராச்சும் டெஸ்டுக்கு வந்தா ஒடனே எழுப்பிரு” என்று சொல்லித்தான் மாடிக்குத் தூங்கப் போனாள். நானும் சரி என்றேன். ஆனால் டெஸ்டுக்கு வருகிறவர்கள் என்றால் ஆஸ்பத்திரி வண்டியில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளிடம் கேட்கவும் தோன்றவில்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ராயகிரியில் இருக்கிற என் நாத்தனார் ஒரு வருஷமாக ஒரு வரனை வைத்துக்கொண்டு என்னை நெருக்கிக்கொண்டிருந்தாள். நிலபுலன் உள்ள குடும்பம், மாப்பிள்ளை போலீஸில் இருக்கிறார். போட்டி முடியும்வரை கல்யாணப் பேச்சே கூடாது என்று செல்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனாலும் முந்தின நாள் சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள்.

“மைனி, நாளைக்கோ நாளான்னைக்கோ ரெண்டு பேரு அந்தப் பக்கம் வருவாவ. நான் சொன்னேன்னு காட்டிக்கிடாதீங்க.”

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வழி கேட்பார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். பெண் பவுடர் பூசாமல் எப்படி இருக்கிறாள், வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். என்னைப் பார்க்கவும் அப்படித்தான் வந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு பத்து இருக்கும். வீட்டுக்காரர் தோப்புக்குப் போயிருந்தார். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு ஆளும், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவும் இறங்கினார்கள். கையில் பெரிய பை. பூவும் பழமும்தான், நாத்தனார் சொன்ன ஆட்கள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“ஜெபசெல்வி வீடு இதுதானேங்க? அவங்களப் பார்க்கணும்” என்றார் அந்த அம்மா.

“நீங்க யாரு?”

“அத அவங்ககிட்ட நேர்லதான் சொல்ல முடியும். வீட்ல இருக்காங்களா?”

நேரில்தான் சொல்வார்களாம்! எனக்கு வந்ததே கோபம். பிள்ளை ஏற்கெனவே நிம்மதியில்லாமல் கிடக்கிறாள், இந்த நேரத்தில் இவர்கள் வேறா?

“பொண்ணு இங்கன இல்ல. திருநெல்வேலிக்குப் போயிருக்கா. வர ரெண்டு நாளாவும்.”

“நிச்சயமாவா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?” என்று துடைப்பத்தைத் தட்டினேன்.

அந்த ஆள் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். பெண் வீட்டுக்கு மார்க் போடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். காரில் ஏறி உட்கார்ந்தார்கள். கார் மட்டும் நகரவில்லை. ஆறரைக்கு மறுபடியும் வந்து மணி அடித்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. “அதான் இல்லன்னு சொன்னேம்லா” என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டையே நோட்டம் விட்டுக்கொண்டு இப்படி ஒரு பிடிவாதமா என்று வாய்க்குள் திட்டினேன்.

அதே வாயோடு போய் முழங்கால் போட்டேன். தினமும் செய்கிற ஜெபம்தான். “ஆண்டவரே, அவர்கள் வரும்போது…” என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் நின்றுவிட்டது. வானத்திலிருந்து சத்தம் கேட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சற்று முன்னால் வாசலில் நான் சொன்ன பொய்தான் குறுக்கே நின்றது. பிள்ளைக்காகத்தானே சொன்னேன் என்று ஆண்டவரிடம் வழக்காடினேன். கல்யாண விஷயத்தில் யார்தான் பொய் சொல்லவில்லை என்றும் கேட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து ஜெபி என்கிற ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் போய், நான் பொய் சொன்னேன் என்று சொல்வது லேசான காரியமா? நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பேன்? இருந்தாலும் எழுந்தேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல் ரெண்டு டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டு கார் பக்கத்தில் போனேன். போன வேகத்தில் பாதிக் காப்பி கையிலேயே கொட்டியது.

“தப்பா நெனச்சிக்கிடாதீங்க. பொண்ணு மாடியிலதான் ஒறங்குதா. அவளுக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். ஓட்டப் பந்தயத்துக்குப் போவப் போறா. அதான் பொய் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிருங்க.”

அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “என்னம்மா சொல்றீங்க? நாங்க கல்யாணத்துக்கு வரல. அவங்களுக்கு ஊக்கமருந்து டெஸ்ட் எடுக்க வந்திருக்கோம். மணி ஆறு அம்பத்திரண்டு!”

டம்ளர் ரெண்டும் ரோட்டில் உருண்டன.

மூன்று வாரமாக யாரை அனுப்பும், யாரை அனுப்பும் என்று கதறினேனோ அவர்களை ஆண்டவர் சரியான நாளில், சரியான நேரத்தில், என் வாசலுக்கே அனுப்பியிருந்தார். பிள்ளையும் வீட்டில்தான் இருந்தாள். கேட்டது கேட்டபடியே நடந்திருந்தது. நான்தான் ரெண்டு தடவை அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

ஓடினேன். ஐம்பத்து மூன்று வயது, முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் படுக்காதவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினேன். “ஏட்டி செல்வி! எந்திரிட்டி! ஆளு வந்திருக்காவட்டி!” என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் மகள் மாடிப்படியில் இறங்கியதை நான் பார்க்கவே இல்லை. மேலே இருந்தாள், அடுத்த கணம் கீழே நின்றாள். அவர்கள் அட்டையைக் காட்டினார்கள், அவள் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஆறு ஐம்பத்தைந்து.

“நீங்க வந்து சொல்லலன்னா ஏழு மணிக்கு எழுதிட்டுக் கெளம்பியிருப்போம்” என்றார் அந்த ஆள்.

நான் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி, நன்றியில் பாதி. தோப்பிலிருந்து வந்த வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், “யாரு இவுக, மாப்ள வீடா?” என்று என் காதில் கேட்டார். செல்விக்குக் கேட்டுவிட்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலோடு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

“எம்மா, நீ எனக்காக ஜெபிக்கவே வேண்டாம். கதவத் தொறந்தாப் போதும்” என்றாள்.

“அதத் தொறக்க வச்சதே ஜெபந்தாம்ட்டி” என்றேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சோதனையில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. என்ன இருக்கப்போகிறது? என் பிள்ளை காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதற்கே டாக்டருக்கு மூன்று தடவை போன் செய்கிறவள்.

போட்டி நடந்த நாட்களில் எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தாள். அரையிறுதியில் கடைசி ஆளாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தாள். மறுநாள் சாயங்காலம் ஆசியா முழுவதிலும் இருந்து எட்டுப் பெண்கள் கோட்டில் நின்றார்கள். ஒவ்வொருத்தியாக டிவியில் காட்டிக்கொண்டே வந்தார்கள். எட்டாவது பாதையில் என் செல்வி. பெயரைச் சொன்னதும் கையைத் தூக்கினாள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. துப்பாக்கி வெடித்தது. பன்னிரண்டு வருஷம் ஓடிய ஓட்டத்தை என் மகள் பன்னிரண்டு நொடிக்குள் ஓடி முடித்துவிட்டாள்.

ஐந்தாவதாக வந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் அவளுடைய வேகமான ஓட்டம்.

“ஐயோ, மெடல் இல்லையாக்கா?” என்று எதிர்வீட்டுக்காரி உச்சுக் கொட்டினாள். “அஞ்சாவதுன்னா ஒனக்கு லேசாத் தெரியுதா? இந்த ஆசியாவுல எம்புள்ளைக்கு முன்னால நாலே நாலு பொண்ணுதான் இருக்கு. போய் எண்ணிப் பாரு!” என்றேன். பெருமைதான். இதை ஆண்டவரிடமும் மறைக்கவில்லை. தேங்காய்த் தோப்புக்காரன் மகள் அந்தக் கோட்டில் நின்றாள் என்றால், நிறுத்தியவருக்குத்தானே அந்தப் பெருமை?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு மாற்றம் வந்தது. சின்னச் சின்னப் பொய்களை நான் பொய்யாகவே நினைத்ததில்லை. வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போதே ஆள் இல்லை என்பேன். சமையல் ஆகாதபோதே ஆயிற்று என்பேன். இப்போது அதெல்லாம் வாயில் வருவதில்லை. ராயகிரியிலிருந்து நிஜமாகவே ரெண்டு பேர் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “நீங்க எதுக்கு வந்திருக்கீயன்னு தெரியும். எம்மவ இன்னும் ஓட வேண்டியது இருக்கு. அவளே ஒரு நாள் சரின்னு சொன்னா பேசுவோம்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நாத்தனார்தான் ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் அவளாகவே வந்துவிட்டாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்காக அழுதுகொண்டிருப்பீர்கள். படிப்போ, வேலையோ, வியாதியோ எனக்குத் தெரியாது. சோர்ந்துபோகாமல் ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். நாம் நினைத்த உடுப்பிலேயே பதில் வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், எனக்கு அது இஸ்திரிச் சட்டையும் பெரிய பையுமாக வந்தது. செல்வி இந்த வாரம் விடுப்பில் வந்திருக்கிறாள், மாடியில் தூங்குகிறாள். காலை ஆறு மணிக்கு எங்கள் வாசல் கதவு விரியத் திறந்திருக்கிறது. நானும் ஜெபித்துவிட்டு வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் எழுந்துபோய், வாசலில் நிற்பது யாரென்று ஒரு வார்த்தை நிதானமாகக் கேளுங்கள்.