சித்திக்காகச் சித்தப்பா வாசித்த புத்தகம்

என் சித்திக்குக் கண் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் கடையில் உடம்பு பிடித்துவிடும் வேலை. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கதைப்புத்தகம் வாசித்தாக வேண்டும். லோரி ஓட்டிய களைப்பில் அவர் ஒரு பக்கத்தைத் தாண்டினாலும் சித்தி பிடித்துவிடுவார். உள்ளதைச் சொன்னால், கதையைவிட நடுவே சித்தப்பா அடிக்கும் வெட்டிப் பேச்சுதான் அதிகம்.

சித்தப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும், பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கிள்ளானிலிருந்து பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்த சமயம். பார்வையற்றவர்களுக்கு ஒலிப்புத்தகம் பதிவு செய்யும் அறை ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. சித்தப்பா தினமும் அங்கே போய், இருமிக்கொண்டே ஒரு முழு நாவலையும் வாசித்து முடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சித்தியிடம் சொன்னார்:

"நடுநடுவுல உன்கிட்டதான் பேசி வச்சிருக்கேன் லா. பொறுமையா கேளு."

ஆபரேஷன் முடிந்து சித்தப்பா வீடு திரும்பிய பிறகு, பதிவு அறையில் வேலை செய்யும் அக்கா புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அடடா, ரேடியோக்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும்! ஓர் இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இவரு பேசினது எங்கம்மா?"

"இருமல், பேச்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன் ஆன்டி. கேக்கறவங்களுக்கு சுத்தமா இருக்கணும்ல."

"எடுத்தத எங்க வச்சிருக்க?"

"அழிச்சிட்டேன் ஆன்டி."

பாவம், ராப்பகலாக உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். சித்தி அவருக்கு நன்றி சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினார். கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார். இவ்வளவு நல்ல புத்தகத்துக்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கடையில் சித்தியோடு வேலை செய்த, கண் தெரியாத மற்றவர்களும் அதை வாங்கிக் கேட்டார்கள். தமிழில் இப்படி ஒன்று கிடைக்காதா என்று ஏங்கியவர்கள், ஆளாளுக்குப் பாராட்டினார்கள்.

வீட்டில் தினமும் அந்தப் புத்தகம் ஓடும். கழுத்தில் கட்டோடு சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தான் வாசித்ததைத் தானே கேட்பார். திடீரென்று ஓரிடத்தில் சித்தியின் கையைப் பிடித்து அழுத்துவார். சித்தி உடனே புத்தகத்தை நிறுத்திவிடுவார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள்.

"இங்கயா?" என்று சித்தி கேட்பார். அவர் மறுபடியும் கையை அழுத்துவார்.

கதை சூடு பிடிக்கும் நேரத்தில் இவர்கள் ஏன் இப்படி நிறுத்தி நிறுத்தி என் உயிரை வாங்குகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.