சித்தப்பா காற்றடித்த கம்பூஸ் விழா

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பந்தல் போட்டவர், பாயசம் காய்ச்சியவர், தாலி எடுத்துக் கொடுத்தவர் என்று ஆளாளுக்குப் பங்கு கேட்கலாம். ஆனால் எங்கள் ஊர் காஜா பெராங்கில் அன்றைக்கு இருந்த யாரைக் கேட்டாலும், அந்தக் கல்யாணம் என் தொண்டையால்தான் கூடிவந்தது என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணம் என் சித்தப்பாவுக்கு. அப்பாவின் ஒரே தம்பி. சாலையோரம் சைக்கிள் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் டியூப் ஒட்டுவார், செயின் மாட்டுவார், காற்றடிப்பார். சாயங்காலமானால் மண்ணெண்ணெய் விட்டு விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பார். அந்த விரல்கள் கட்டைகளின் மேல் ஓடும்போது, காலையில் ஸ்பேனர் பிடித்த ஆள்தானா இவர் என்றிருக்கும்.

பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவரின் மகளை அவருக்குக் கேட்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு முறை கோயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றைக்கு மூன்று சைக்கிள்களுக்கு பிரேக்கை மாற்றி மாட்டினார். அவ்வளவு பிடித்துப்போயிற்று. கங்காணிக்கோ பெட்டிதான் தொண்டையில் முள். "பாட்டு கூத்துன்னு அலையறவனுக்குப் பொண்ணக் குடுத்தா, அடுப்புல பூனைதான் தூங்கும்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அது மலாய் நாடு சுதந்திரம் அடைந்த வருஷம். வீட்டுக்கு வீடு கொடி, கடைக்குக் கடை காகிதத் தோரணம். எதற்கெடுத்தாலும் விழா. ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து கடற்கரைத் திடலில் ஒரு கம்பூஸ் விழாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். கம்பூஸ் என்றால் மலாய்க்காரர் வாசிக்கும் தந்தி வாத்தியம். அரபு நாட்டில் அதற்கு ஊத் என்று பெயராம். நீளவாக்கில் பிளந்த பூசணிக்காய் மாதிரி வயிறு, குட்டைக் கழுத்து. வீணையில் வரிசையாக மெட்டு இருக்குமே, அந்தக் கழுத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வழவழவென்று இருக்கும். விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுரம்.

விழாவுக்கு ஒரே விதி. கம்பூஸ் இல்லாமல் எந்தக் குழுவும் மேடையேறக் கூடாது. கம்பூஸ் மட்டும் தனியாகவும் ஏறக் கூடாது, வேற்று இனத்தாரின் வாத்தியம் ஒன்றாவது கூட இருக்க வேண்டும். புதிய நாட்டுக்கு அது நல்ல சகுனம் என்று நினைத்தார்கள்.

அப்பாவுக்குப் பொறி தட்டியது. கங்காணிக்குச் சொல்லியனுப்பினார். "மலாய்க்காரரும் செட்டியும் சேர்ந்து என் தம்பிய மேடையில ஏத்துறாங்க. ஒரு தடவ வந்து பாருங்க. ஊரே கை தட்டுச்சுன்னா பொண்ணக் குடுங்க, இல்லன்னா வேணாம்." கங்காணி கொஞ்சம் யோசித்துவிட்டு, குடும்பத்தோடு வருவதாகப் பதில் சொல்லிவிட்டார். அன்று முதல் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பூஸ் வாசித்தவர் எங்கள் அடுத்த வீட்டு பாக் சிக். மலாய்க்காரர். ரோடு போடும் வேலையில் தமிழர்களோடேயே இருந்து வயிறு வளர்த்தவர், ஆகவே தமிழில் வெளுத்துக்கட்டுவார். வயலின்காரர் செட்டிக் கம்பத்து ஆள். கம்பம் என்றால் மலாயில் கிராமம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே இருந்து தமிழை எங்கேயோ விட்டுவிட்டவர்கள் இந்தச் செட்டிகள். எனவே எங்கள் குழுவில் முஸ்லிம் தமிழ் பேசுவார், மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர் மலாய் பேசுவார். வெளியூரார் யாராவது வந்தால் இவர்களில் யார் யார் என்று குழம்பிப் போவார்கள். எங்களுக்கு அதில் வேடிக்கையாக எதுவும் தெரிந்ததில்லை.

பாட்டு நான். வேறு யாரையும் அவர்கள் தேடவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். கோயிலில் பாடினால் மணிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் எனக்கு. வயலின்காரர் மலாயில் இரண்டு வரி கட்டினார், சித்தப்பா அதற்குத் தமிழில் இரண்டு வரி கட்டினார், இப்படி மாறி மாறி ஒரு பாட்டு. நடுவில் நான் சும்மா நிற்க, ஆர்மோனியம் தனியாக வாசிக்க ஓர் இடம். அந்த இடம் கங்காணிக்காகவே வைத்தது என்று அப்பாவிலிருந்து பாக் சிக் வரை எல்லோருக்கும் தெரியும்.

பாக் சிக் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் ஒத்திகை. எனக்கு ஐந்து கட்டைச் சுருதி, அதாவது பெட்டியில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை. சித்தப்பா பெட்டியில் சுருதி கொடுப்பார். அதைக் கேட்டுவிட்டு நான் தொடங்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? வாயைத் திறந்துகொண்டே நிற்பேன். "பெட்டி பேசட்டும், அப்புறம் நீ பேசு" என்று சித்தப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்குள்ளேயே சுருதி இருக்கும்போது பெட்டியை எதற்குக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

விழா நாளன்று மத்தியானம் ஒரு தூறல் போட்டு விட்டது. நாலு மணிக்கெல்லாம் திடல் நிறைந்துவிட்டது. கங்காணி முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அதற்கும் பக்கத்தில், மாம்பழ நிறச் சேலையில், தலையைக் குனியாமல் மேடையையே பார்த்துக்கொண்டு அந்தப் பெண். மேடையில் ஒரே ஒரு மைக். தன் தனி வாசிப்பு முன்வரிசைக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று சித்தப்பா பெட்டியை மைக்குக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். என்னை ஒரு மரப் பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

"தங்காச்சி, பயமா?" என்றார் பாக் சிக்.

"எனக்கா? சித்தப்பாவக் கேளுங்க" என்றேன்.

எங்கள் ஊர்ப் பெயரை அறிவித்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது. அவ்வளவு பேர் எனக்காகக் கத்தி நான் கேட்டதில்லை. தலைகால் புரியவில்லை. சித்தப்பா துருத்தியை ஓர் இழுப்பு இழுப்பதற்குள் எடுத்துவிட்டேன் பாட்டை. ஒலிபெருக்கியில் என் குரல் கடல்வரை போய்த் திரும்பி வந்தது. ஆகா என்றிருந்தது எனக்கு.

சித்தப்பாவின் பெட்டி ஒரு முறை முனகியது. வேறொரு கட்டையைத் தொட்டார், மறுபடி ஒரு முனகல். அப்புறம் சத்தமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். இடது கை துருத்தியை இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை விரல்கள் கட்டைகளுக்கு மேலே, தொடாமல், நடுங்கிக்கொண்டிருந்தன. பெண்ணைப் பார்த்ததும் மனுஷருக்கு உதறல் எடுத்துவிட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. கோபம் கோபமாக வந்தது. சரி, குடும்ப மானத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று இன்னும் உரக்கப் பாடினேன்.

பாக் சிக் காதைக் கம்பூஸ் கழுத்தின் மேல் வைக்காத குறையாகச் சாய்ந்துகொண்டு என்னோடு வந்தார். வயலினும் வந்தது. அவர்கள் இருவரும் இருந்ததால் பிழைத்தோம். ஆர்மோனியத்தின் தனி இடம் வந்தது. கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பா பாக் சிக்கைப் பார்த்துத் தலையை அசைத்தார். பாக் சிக் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் கம்பூஸில் எடுத்து வாசித்தார். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு ஓர் அம்மாள் மேடையேறி வந்து ரோஜா மாலை போட்டாள். ஊரே கை தட்டியது உண்மை. சித்தப்பாவுக்குத்தான் யாரும் தட்டவில்லை.

கங்காணி எங்களிடம் வந்தார். என் கன்னத்தைத் தட்டினார், பாக் சிக்குக்குக் கை கொடுத்தார். சித்தப்பாவைப் பார்த்து, "பாட்டு நல்லா இருந்துச்சு. நீங்கதான் காத்து மட்டும் அடிச்சீங்க. கடைப் பழக்கம் போல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னால் போன பெண் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "என்னடா ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டதற்குச் சித்தப்பா, "தூறல்ல பெட்டிக்குள்ள தண்ணி எறங்கிடுச்சுண்ணே" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். சித்தப்பா பெட்டியைத் துணியால் துடைத்து மூடிவைத்தார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் கங்காணி சொன்னதை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்ல, அந்த வாரத்துக்குள் கடைக்கு வருகிற பையன்களெல்லாம், "ரெண்டு சக்கரத்துக்கும் காத்து, பாட்டுக்கும் காத்து" என்று பாடத் தொடங்கிவிட்டார்கள். சித்தப்பா சிரித்துக்கொண்டே காற்றடித்தார். பெட்டியை மட்டும் திறக்கவில்லை. கோயில் இருக்கும் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். ராத்திரி சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். அது எனக்கே சங்கடமாக இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி வாழைத்தாரோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

"எம் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. கட்டுனா இவரத்தான் கட்டுவேன்னு சொல்லிடுச்சு. அப்படி எதக் கண்டுச்சோ அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

எதைக் கண்டது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் பாட்டில் மயங்கிய பெண் அந்த வீட்டுக்கே வாக்கப்பட்டு வருகிறாள். அம்மாகூட, "பாப்பா பாட்டு அந்த மாதிரி" என்று ஒப்புக்கொண்டாள். தை மாசம் கல்யாணம். பந்தலில் பாக் சிக்கின் கம்பூஸ், செட்டிக் கம்பத்து வயலின், சித்தப்பா மாப்பிள்ளைக் கோலத்திலேயே எழுந்து வந்து வாசித்த பெட்டி. என்னைப் பாடச் சொன்னார்கள். சித்தி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "மொதல்ல பெட்டியக் கேளு கண்ணு" என்று காதில் சொன்னாள். சித்தப்பா சொல்கிற அதே பேச்சை அதற்குள் இவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி, என் மகளுக்கு ஆறு வயதானபோது, ஒரு தீபாவளிக்கு உஜோங் பாசிரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். மகளைப் பாடச் சொல்லிப் பெட்டியைத் திறந்தார் சித்தப்பா. அவளும் என் மகள்தானே. அவர் துருத்தியைத் தொடுமுன் பாடத் தொடங்கிவிட்டாள். சித்தப்பா கட்டைகளின் மேலிருந்து கையைத் தூக்கினார். விரல்கள் காற்றில் ஆடின.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சித்தி, இங்க பாருங்க, சித்தப்பாவுக்கு மறுபடியும் கை நடுங்குது! அன்னிக்கு மட்டும் நான் பாடலன்னா இவருக்குக் கல்யாணமே ஆயிருக்காது."

முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த சித்தி கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "அது நெசந்தான். நீ அஞ்சு கட்டையில ஆரம்பிக்கல. அஞ்சரையிலயும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல போய் நின்னுக்கிட்ட. கம்பூசும் வயலினும் வழுக்கி வழுக்கி ஒன்கிட்ட வந்துருச்சு. நடுவுல நிக்கப் பெட்டியில கட்டை ஏது? இவரு எதத் தொட்டாலும், நீ சுருதி வெலகிப் பாடுறது அந்தத் திடலுக்கே தெரிஞ்சிருக்கும்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தோட்டத்துக் கோயில் பஜனைக்குச் சுருதிப் பெட்டி போட்டது யாருன்னு நெனச்ச? அன்னிக்கு மேடையில இவரு ரெண்டு கட்டையத் தொட்டுப் பாத்தாரு. கையத் தூக்கிட்டாரு. எங்கப்பா முன்னாலயே உக்காந்திருக்காரு, தெரிஞ்சேதான் தூக்குனாரு. அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன்."

"ஆனா விரல் நடுங்குச்சே. நான் பாத்தேனே."

"நடுக்கமா?" என்றாள் சித்தி. "மொத வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ஒரு சுரம் விடாம வாசிச்சாரு. கட்டையத் தொடாம."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? முறுக்கு கருகுது பாரு" என்றார் சித்தப்பா. அவர் விரல்கள் என் மகளோடு போய்க்கொண்டிருந்தன. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். விரல்களைப் பார்த்தேன். ஒரு சுரம்கூட விட்டுப்போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அந்தக் கல்யாணம் என் தொண்டையால்தான் நடந்தது என்று இன்றைக்கும் சொல்கிறேன். ஒன்பது வயதில் சொன்னதும் பொய்யில்லையே. நான் மட்டும் ஒழுங்காகப் பாடியிருந்தால், கங்காணி மகளுக்கு அந்த விரல்களைப் பார்க்கிற வேலையே இருந்திருக்காது.