கையில் இருந்த ஊசி

ஆம்புலன்ஸின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து போவது என் வேலை. பெரும்பாலும் வேலூருக்குத்தான் ஆட்களைக் கொண்டுபோவோம். அன்று ஒருவரை வேலூரிலிருந்து மேல்விஷாரத்துக்கு, அவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர்.

இடது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வழியிலேயே முடிந்துவிடும், வீட்டில் இறக்கியதும் ஊசியை எடுத்துவிடு என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது ட்யூப் எங்காவது மாட்டி இழுத்தால் ஊசி வெளியே வந்துவிடும். அதனால் ட்யூபை ஒரு வளையமாக விட்டு அவர் கையோடு ஒட்டப் பார்த்தேன். பிளாஸ்டர் நிற்கவில்லை. வருஷக்கணக்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய கை, செதில் செதிலாக இருந்தது. கடைசியில் பேண்டேஜ் சுற்றிக் கட்டினேன்.

"மாட்டுத் தோலாட்டம் ஆய்டுச்சும்மா," என்று லேசாகச் சிரித்தார்.

எதிரே அவர் மனைவி. பாட்டில் கொக்கியில்தான் தொங்கியது. ஆனாலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டார். ரத்தினகிரி தாண்டும்போது, பாட்டிலைப் பார்த்தபடி, "கொஞ்சம் கம்மியா உடலாமா?" என்று கேட்டார். கணவருக்குக் கை வலிக்குமோ என்று பயப்படுகிறார் என நினைத்து, "சரியாத்தான் போவுதுங்க," என்றேன்.

வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அவரைப் படுக்கவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது இருக்கட்டும்மா."

"பாத்துக்க இங்க நர்ஸ் இல்லீங்க. அப்டியே உட்டா சீழ் புடிச்சிக்கும்."

"அது இருந்தா நாளைக்கி யாராவது டாக்டர் வந்து மருந்து போடலாம். எடுத்துட்டா அப்புறம் இன்னா இருக்குது, சொல்லு."

ட்ரிப்ஸை ஏன் மெதுவாக விடச் சொன்னார் என்று அப்போதுதான் உறைத்தது. குணமாகித் திரும்பிய சிலர் கையிலிருந்தும் ஊசி எடுத்திருக்கிறேன். வீட்டுக்குப் போகிறோம் என்று எல்லாருமே சந்தோஷமாகக் கையை நீட்டியிருக்கிறார்கள்.

கட்டிலில் கிடந்தவர்தான் கண் திறந்தார். "எடுக்கட்டும். கை வலிக்குது."

அந்த அம்மா பிடியை விட்டார். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினேன். அந்த அம்மா என் விரலை மெல்ல நகர்த்திவிட்டுத் தன் கட்டைவிரலை அங்கே வைத்துக்கொண்டார். ரத்தம் நின்ற பிறகு, "போதுங்க," என்றேன். அவர் எடுக்கவில்லை. நான் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

நாலாம் நாள் காலையில் அந்த அம்மா டிரைவரின் போனுக்குக் கூப்பிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னார். "விடியக்காலைல போய்ட்டாரும்மா. ரெண்டு வாய் டீ குடிச்சாரு. உன் கையப் புடிச்சி இழுத்துட்டேன், மனசுல வெச்சிக்காத."

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க," என்றேன். அவர் காதில் விழுந்ததோ என்னவோ. அங்கே யாரோ கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார்.