தரை தொடாத குதிகால்

குத்தவைத்து உட்காரும்போது என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே புகுந்து ஓடும் காற்றின் சில்லிப்பை நான் ஒன்பது வயதிலிருந்து அறிவேன். மற்றவர்களுக்கு அப்படி ஒரு காற்று இருப்பதே தெரியாது. அவர்களுடைய குதிகால்கள் சமர்த்தாகத் தரையில் படிந்துவிடும். சைகோனில் நான் பிறந்து வளர்ந்த சந்தில் மீன் அரியும் பெண்களும் சீட்டாடும் கிழவர்களும் பாதம் முழுவதையும் பதித்துக் குந்திக்கொண்டு பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் நாற்காலி. காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து துறைமுகச் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் தகப்பனாரை நாங்கள் ‘பப்பா’ என்றுதான் கூப்பிடவேண்டும். அப்பா என்றால் திரும்பமாட்டார். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் இல்லையா! சப்பாத்துக் கயிறு கட்டவும் நாற்காலி தேடுவார். “குந்துறதெல்லாம் நமக்கு எதுக்கு? நாம நாற்காலிக்காரங்க” என்பார். நாங்களும் அதைப் பெரிய கௌரவம் என்றே நம்பியிருந்தோம்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளியில் தேகப்பயிற்சி மதாம் விசிலும் கையுமாக வந்து நின்று, ஓடு, குனி, நிமிர் என்று எங்களை விரட்டிவிட்டு, நடுநடுவே “அக்ருப்பி!” என்று ஒரு கத்து கத்துவார். வீட்டில் யாரும் செய்யாத காரியமாதலால் அந்தச் சொல்லும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. என் காதில் விழுந்தது, “ஆ, கருப்பி!” அவ்வளவுதான். வகுப்பில் கறுப்பு நான் ஒருத்திதான். அவர் கத்தியதும் எல்லாப் பெண்களும் பட்டென்று குந்துவார்கள். அவர்களைப் பார்த்து நானும் குந்தி, எழும்பும் குதிகாலைத் தரையில் பதிக்கப் போய், பின்னால் சாய்ந்து விழுவேன். மதாம் என்னையே முறைப்பார். ஒரு குழந்தை வேறென்ன நினைக்கும்?

அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்துவிட்டாள். “எவ அவ? எம்புள்ளைய கருப்பின்னு சொல்ல அவளுக்கு என்னா தைரியம்! நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு!” பப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “அடியே, குந்துன்னு அர்த்தம்டி அதுக்கு!” என்றார். “குந்தச் சொல்றதுக்கு இப்படி ஒரு பாஷையா!” என்று அம்மா குடையைத் திரும்ப மாட்டினாள், கோபம் தணியாமலே.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் என் துக்கம் வெளியே வந்தது. ஆண்டு விழாவில் தேகப்பயிற்சிக் காட்சி உண்டு. வெள்ளைப் பாவாடை, இடுப்பில் நீலப் பட்டை. ‘அக்ருப்பி’யில் விழுகிறவளுக்கு அதில் இடமில்லை என்று மதாம் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு லான் என் வகுப்புத் தோழி; அவளுக்குப் பட்டைகூட அளவெடுத்தாகிவிட்டது. எனக்கு அந்த நீலப் பட்டை வேண்டும். சோறு தண்ணீர் இறங்காத அளவுக்கு வேண்டும்.

பப்பா பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். காலையில் கொல்லைத் தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் தோளைப் பிடித்து, “அமுக்கு, குதிகாலை அமுக்கு” என்று அழுத்துவார். நான் விழுவேன். கெண்டைக்கால் வலிக்கு அம்மா எண்ணெய் தேய்ப்பாள். “பிடிவாதம், வேறொண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு பப்பா அலுவலகம் போய்விடுவார். கருப்பி என்று கேட்டதைவிட அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த ஆண்டு அரசாங்கப் படைக்கும் ஓர் ஆயுதக் கும்பலுக்கும் மூண்ட சண்டை நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு பிற்பகல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் குண்டு விழத் தொடங்க, லான் வீட்டுக்கு ஓடினோம். அங்கே பெரிய மரக்கட்டிலைச் செங்கல் கொடுத்து உயர்த்தி, சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கடியில் நாற்காலிக்கு ஏது இடம்? எல்லோரும் குந்தினார்கள். பப்பாவும் குந்தினார். மறுநொடி மல்லாக்கச் சாய்ந்து, ‘நுக் மாம்’ என்கிற மீன்சாறு வைத்திருந்த ஜாடியைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தார். “ட்ரோய் ஓய்!” என்று லானின் அம்மா கடவுளைக் கூப்பிட, வெளியே குண்டு வெடிக்கிற நேரத்திலும் என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் சிரிக்கவில்லை. பப்பா தட்டுத்தடுமாறி மறுபடி குந்தியபோது அவருடைய குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையவை போலவே எழும்பி நின்றன.

அவரும் என் கால்களைப் பார்த்தார். எப்படியோ என் குதிகால்கள் ஒரு மணல்மூட்டையின் ஓரத்தில் ஏறியிருக்க, நான் அசையாமல் குந்தியிருந்தேன். பப்பா என் கணுக்காலைத் தடவிப் பார்த்தார், பிறகு தன்னுடையதை. “என் கால்டி இது. கணுக்கால் இதுக்கு மேல மடங்காது. சின்ன வயசுல பசங்க என்னைக் கேலி பண்ணியே கொன்னானுங்க, அதான் நாற்காலிய விட்டு நான் எறங்குறதில்ல” என்றார். மீன்சாறு நாற்றத்தோடு என்னை அணைத்துக்கொண்டு, “பிடிவாதம் இல்ல பாப்பா, எலும்பே அப்படி” என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சண்டை ஓய்ந்து பள்ளி திறந்ததும் தொப்பியும் வெள்ளைக் கால்சட்டையுமாக என்னோடு வந்தார். பழகினால் எல்லோருக்கும் வரும், உங்கள் மகள் சோம்பேறி என்றார் மதாம். பப்பா தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளைக்காரர் முன்னால் கைக்குட்டை கசங்கவும் சம்மதிக்காத மனிதர், அத்தனை பெண்களும் வரிசையில் நிற்க, மழைவிட்ட முற்றத்தில் குந்தினார். குந்திய வேகத்தில் மல்லாக்க விழுந்தார். ஒரே சிரிப்பு. அவர் நிதானமாக எழுந்து, சேறு படிந்த கால்சட்டையோடு நின்று, “மதாம், இந்தக் கால்களை அவளுக்குக் கொடுத்தவன் நான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்” என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து, பழைய மரச்செருப்பில் அறுத்த குதித்துண்டுகளை எடுத்து என் குதிகால்களுக்கு அடியில் வைத்து, “அக்ருப்பி!” என்றார். குந்தினேன். விழவில்லை. மதாம் அடுத்த பயிற்சிக்கு விசில் ஊதினார். நீலப் பட்டை எனக்குக் கிடைத்தது; கடைசி வரிசைதான், போகட்டும். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் தெரேஸ் இல்லை. “எங்க என் கருப்பி?” என்றுதான் பப்பா வாசற்படி ஏறுவார்.

பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறினார்கள், சிலர் பிரான்சுக்கு, சிலர் காரைக்காலுக்கு. நான் லானின் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். பப்பாவும் அம்மாவும் இந்த மண்ணிலேயே அடங்கினார்கள். இப்போது காலையில் பூங்காவில் கிழவிகள் நாங்கள் தேகப்பயிற்சி செய்கிறோம். என் பையில் மரத்துண்டுகள் இருக்கும். சொல்லிக்கொடுக்கும் சின்னப் பெண் முதல் நாள் அவற்றைப் பார்த்துவிட்டு, “நல்லது பாட்டி, எல்லாருக்கும் கணுக்கால் ஒரே மாதிரியா இருக்கும்?” என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்ல என் பப்பா சேற்றில் விழவேண்டியிருந்தது.

அவள் வியத்நாம் மொழியில்தான் உட்காரச் சொல்கிறாள். நான் மட்டும் மனதுக்குள் “அக்ருப்பி” என்று சொல்லிக்கொண்டு குந்துகிறேன். இந்த ஊரில் என்னைக் கருப்பி என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.