பலெர்மோவில் பொம்பிளை பார்த்த ஞாயிறு

எங்கள் வீட்டில் யாரும் கப்பல் பயணத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஏதாவது கலியாண வீட்டில் யாராவது குரூஸ் போகப்போவதாகச் சொன்னால், அம்மா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "ஓம், நாங்களும் ஒருக்கால் போனனாங்கள்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

அந்தப் பயணத்துக்குக் காரணம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்துகொண்டு பாண் பேக்டரிக்கு வேலைக்குப் போய் வந்தார். நாற்பதை நெருங்கியும் கலியாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தம் ஒன்று சாதகத்தில் நின்றது, ஒன்று போட்டோவில் நின்றது, ஒன்று ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக இத்தாலியிலிருந்து ஒன்று வந்தது. பெண் வீட்டார் பலெர்மோவில் இருந்தார்கள். பெண் பார்ப்பதற்கென்றே பிளேன் ஏறிப்போனால் அந்தரப்பட்ட மாப்பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள் என்பது அம்மாவின் கவலை. கப்பலில் போனால், ஊர் பார்க்க இறங்கின இடத்தில் சும்மா எட்டிப் பார்த்ததாக இருக்கும். அந்தச் சும்மாவுக்காக அப்பா ஒரு வருடம் ஓவர்டைம் செய்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கப்பலின் மேல்தட்டில் நீச்சல் குளத்துக்குள் சறுக்கி விழுகிற குழாய் ஒன்று இருந்தது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பலெர்மோவில் கப்பல் நின்ற காலை வெள்ளைக்காரர் எல்லோரும் அரைக் காற்சட்டையும் தொப்பியுமாய் அரண்மனை பார்க்கவும் பழைய தேவாலயங்கள் பார்க்கவும் இறங்கினார்கள். நடுவில் அம்மா காஞ்சிபுரச் சேலையில் இறங்கினார். மாமா முழுக்கைச் சேர்ட்டும் புதுச் சப்பாத்துமாய்ப் பின்னால் வந்தார். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் என்று எங்களை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

துறைமுக வாசலில் பெண்ணின் அப்பா நின்றார். "பிள்ளை தாயோடை மலைக்குப் போட்டுது. ஞாயிற்றுக்கிழமையிலை எங்கட சனம் முழுக்க அங்கைதான். வாங்கோ, அங்கையே சந்திப்பம்" என்றார். மலையில் ஒரு புனிதையின் குகைக் கோயில் இருந்தது. அந்த நகரத்துத் தமிழர்கள் சைவமோ கிறிஸ்தவ வேதமோ பார்க்காமல் அங்கே நடந்து ஏறிப்போய்க் கும்பிட்டார்கள்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "மலையிலை இருந்தால் எங்கட ஆள்தான்" என்று சொல்லிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

அடிவாரம் வரை காரில் போய், பிறகு நடந்தோம். கல் பாவிய பழைய பாதை. வெயில் தலையில் இறங்கியது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு குந்தி இருந்தார். அம்மாவின் பவுடர் கழுத்து வரை வழிந்தது. என்னைத் தூக்கச் சொல்லி அழுது பார்த்தேன். தூக்குகிற வயது எனக்கும் இல்லை, தூக்குகிற தெம்பு அவர்களுக்கும் இல்லை. கீழே கடலோரம் எங்கள் கப்பல் சின்னதாய் வெள்ளையாய்த் தெரிந்தது. நான் இல்லாமல் அந்தக் குழாய் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.

குகைக்குள் குளிர்ந்தது. கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திய ஒரு சலவைக்கல் பெண் சாய்ந்து படுத்திருந்தாள். அன்றைக்கு முழுவதும் படுக்க விட்டிருந்தது அவளை ஒருத்தியைத்தான் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

வாசலில் பெண்ணும் தாயும் நின்றார்கள். பெண் பச்சைச் சுடிதார் போட்டிருந்தார். மாமாவைவிட ஒரு விரல் உயரம். பெரியவர்கள் மதில் ஓரமாய் இருந்து களைப்பாறினார்கள். "அதுகள் ரெண்டும் கதைக்கட்டும்" என்று சொல்லி, துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். அம்மா என் காதுக்குள், "அக்கா எண்டு கூப்பிடு. மாமி எண்டு சொல்லிப்போடாதை" என்றார்.

கடல் தெரிகிற இடத்தில் ஒரு கல்லில் இருந்தோம். மாமா கதைக்கத் தொடங்கினார். சூட்டடுப்பிலிருந்து பாண் வருகிற வாசத்தைச் சொன்னார். ரொறன்ரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கு மயிர் உறைவதைச் சொன்னார். பேஸ்மென்டில் ஒரு மாதத்துக்குக் கதைக்கிறதை அந்தக் கல்லில் இருந்து கதைத்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "உங்களைப் பார்க்க நல்ல மனிசராய்த் தெரியுது. அதாலை கேக்கிறன். நான் இஞ்சை ஒருத்தரை விரும்புறன். வீட்டிலை தெரியாது. நான் மாட்டன் எண்டால் அப்பா என்னைச் சும்மா விடமாட்டார். நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவியளோ?"

மாமா கடலைப் பார்த்தார்.

"என்ன காரணம் சொல்லுறது?"

"என்னத்தையாவது சொல்லுங்கோ."

"உங்கட உயரம் கூட எண்டு சொல்லட்டோ?"

அக்கா அப்போதுதான் சிரித்தார். நல்ல சிரிப்பு. மாமாவும் சிரித்தார்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. அம்மாவும் பெண்ணின் தாயும் கலியாணத்துக்கு மாதம் பார்க்கவே தொடங்கிவிட்டார்கள். மாமா போட்டதையெல்லாம் சாப்பிட்டார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை.

கப்பலில் ஏறியதும் மாமா அம்மாவிடம் சொன்னார், "அக்கா, எனக்கு இது சரிவராது. உயரம் கூட."

அம்மா முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு, "ஒரு விரல் உயரம் உனக்குப் பெரிசாய்ப் போச்சோ? உன்ரை மூஞ்சைக்கு ராசாத்தியே வேணும்?" என்று தொடங்கி, அந்த மலையும் வெயிலும் அப்பாவின் முழங்காலும் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டம் ஏசி, கடைசியில் அழுதார். அப்பா அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த முட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பவிசு பார்க்கிற மாப்பிள்ளை என்ற பேர் எங்களுக்கு முன்னமே ரொறன்ரோ வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. நாங்கள் ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறியபோது மாமாவும் அந்த வீட்டு பேஸ்மென்டுக்கு மாறினார்.

அன்று வெயில் சாய, கப்பல் துறையை விட்டு விலகியது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா கம்பியைப் பிடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கதிரையில் நான் கால் வலியோடு கிடந்தேன். குழாயில் சறுக்கவும் தெம்பில்லை.

"மாமா, அந்த அக்காதானே சொல்லச் சொன்னவ. நான் அம்மாட்டைச் சொல்லட்டே?"

"வேண்டாம்."

"சொன்னால் அம்மா உங்களை ஏசமாட்டா."

"அவ என்னை நம்பிக் கேட்டவ. நீ பேசாமல் படு."

உண்மை ஒன்றைச் சொன்னால் ஏச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒன்பது வயதில் எனக்கே விளங்குகிற இந்தச் சின்ன விஷயம் இவ்வளவு பெரிய மாமாவுக்கு விளங்கவில்லையே என்று பாவப்பட்டுக்கொண்டு, நான் கண்ணை மூடி நித்திரையாகிவிட்டேன்.