அம்மாவின் ஒன்றரைக் கிலோ

தொண்ணூறுகளின் நடுவில் சித்தி கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் கோளாறு இல்லாத முப்பது பேருக்கு எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று அளந்து வரச் சொல்லியிருந்தார்கள். சூலூரில் எங்கள் தறிப்பட்டறையைச் சுற்றி இருப்பவர்களை விட்டால் அவளுக்கு ஆள் ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியோடு வந்து இறங்கினாள்.

வட்டமான முகம், அதில் ஒரு முள், அடியில் ரப்பர் வைத்த கம்பி, அவ்வளவுதான் கருவி. தோள்பட்டையில் வைத்து மெல்ல அழுத்துவாள். வலி தொடங்கிய உடனே சொல்லிவிட வேண்டும். முள் காட்டும் கிலோவை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

சொன்னால்தானே! படிக்கிற பெண் ஆசையாக அமுக்கும்போது வலிக்கிறது என்பது மரியாதையா? பக்கத்து வீட்டு அக்கா கண்ணில் நீர் முட்ட, "பரவால்லீங்க, நீங்க அமுக்குங்க" என்றார். பெரியப்பாவோ அதைப் பந்தயமாகவே ஆக்கிவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டுக் கிலோ வரை தாங்கினார். பெரியம்மா ஒன்பதைத் தொட்டார். இதைக் கொண்டுபோனால் வாத்தியார் என்னைத்தான் அமுக்குவார் என்று சித்தி புலம்பினாள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. பெரியம்மாவை அம்மா ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். பட்டறையில் இருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். பத்துக் கிலோ வரை வாயே திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

கருவி தோளைத் தொட்டுச் சற்றே அழுந்தியது.

"வலிக்குது கண்ணு" என்றாள் அம்மா.

ஒன்றரைக் கிலோ. பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். சித்தி அடுத்த தோளிலும் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான்.

"எத்தன நாளா இப்பிடி இருக்குதுக்கா?"

"ரெண்டு வருசம் இருக்கும். நீ கேட்டே, சொல்லிப்போட்டேன்."

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. பெரியம்மா எழுந்து, அம்மா விட்டுவந்த தறியைப் பார்க்கப் போனார். சித்தி நோட்டில் அம்மாவின் பெயரை அடித்துவிட்டு, எண்ணெய் காய்ச்சி வந்து அந்தத் தோள்களைச் சாயங்காலம் வரை நீவிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பந்தயத்தில் பெயரையே அடித்துவிட்டார்கள், தோற்றவளுக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று கதவோரம் நின்று நான் பொருமிக்கொண்டிருந்தேன்.