முன்பே சொல்லிவிட்ட ஸ்தோத்திரம்

பாட்டில் நான் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியதுதான் முதல் அறிகுறி. அது நோய் என்று அப்போது யார் கண்டார்கள்? சிதம்பரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் நான் பெண்களுக்கு முதல் குரல். ஹார்மோனியம் வாசிப்பவர் யோசுவா அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டே, "எஸ்தரம்மா, ரயிலு பிடிக்கப் போறீங்களா? நாங்க இன்னும் ரெண்டாவது அடியிலயே நிக்கிறோம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! உங்கள் பெட்டிக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காப்பி டம்ளரை எடுத்தால் டவராவில் கடகடவென்று ஆடியது. மார்கழி மாதத்தில் ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்க, எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. வேளா வேளைக்கு நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனாலும் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. கழுத்தின் முன்பக்கம் ஒரு வீக்கம் வந்து, எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கியது. சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு திரிந்தேன். சொன்னால் பாடாதே என்பார்கள். பாட்டு இல்லாவிட்டால் நான் யார்?

இப்போது கழுத்தில் கை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மூடி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அண்ணாமலை நகரில் குமாஸ்தா. அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் ராத்திரி நான் தூங்கும்போது என் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் லீவு போட்டு, என்னைக் கடலூருக்குப் பாசஞ்சர் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், நீட்டிய விரல்கள் நடுங்குவதைப் பார்த்தார், கடைசியில்தான் கழுத்தைத் தொட்டார். தைராய்டு (தொண்டைக்குக் கீழே உடம்பின் வேகத்தை நிர்வகிக்கும் சுரப்பி) அளவுக்கு மேல் வேலை செய்கிறதாம். கோபம்கூட ஜாஸ்தியாக வருமே என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். பாதிக் கோபம் நோயினுடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீதிப் பாதி என் சொந்தச் சொத்து. அது இன்னமும் பத்திரமாக இருக்கிறது.

மாத்திரை கொஞ்ச காலம் கட்டுப்படுத்தியது, பிறகு விட்டுவிட்டது. சுரப்பியில் பெரும்பகுதியை அறுத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் இருதயம் தாங்காது என்றார் டாக்டர். நான் கேட்டது ஒன்றே ஒன்று. பாட முடியுமா? அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சுரப்பியை ஒட்டியே குரலுக்கான நரம்புகள் நூல்போல ஓடுகின்றன, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். பாலில் அயோடின் (சுரப்பியை அடக்கிச் சுருக்கும் சொட்டு மருந்து) கலந்து கொடுத்தார்கள். துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல நாக்கெல்லாம் ஒரு ருசி. ஜன்னல் வழியாகக் கடல் காற்று வரும். துறைமுகத்துப் பக்கமிருந்து ஏதோ ஒரு சங்கு ஊதும். படுத்தபடி கண்ணை மூடினால் கட்டில் மெல்ல நகர்ந்து தண்ணீரில் இறங்கிவிட்டதுபோல இருக்கும். அந்த மிதப்பில் ஜெபம் செய்யப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. ஆண்டவரே என்று ஆரம்பித்து, என் தொண்டை என்று முடித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காலையில் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி, வெள்ளை அங்கியைப் போட்டுவிட்டார்கள். தள்ளுகட்டில் வந்து நின்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வர மாட்டேன் என்றேன். நர்சம்மா கெஞ்சினார், அதட்டினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் வந்தார், நாடியைப் பிடித்தார். இந்த ஓட்டத்தில் கத்தி வைத்தால் ஆபத்து என்று சொல்லி, அடுத்த செவ்வாய்க்குத் தள்ளி வைத்தார். அன்றைக்கும் மனசு வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் திரும்பி வரும்வரை இருதயம் காத்திருக்குமா என்பது தனக்குத் தெரியாது என்றார்.

வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டியது என் வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தந்தி என்றால் சாவுச் சேதிதான். தந்திக்காரன் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே வீட்டுக்குள் அழுகை தொடங்கிவிடும். அதனால் தந்தி கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்புறம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அங்கே சிதம்பரத்தில் அத்தை, அதாவது என் மாமியார், வேறு கணக்குப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை போயிற்று, சனிக்கிழமை போயிற்று. தந்தி வரவில்லை. அப்படியென்றால் மருமகள் பிழைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அத்தை வார்டுக்குள் வந்தார். கையில் தூக்குச் சட்டி நிறைய ஆட்டுக்கால் சூப்பு. வந்தவர் என் கழுத்தைப் பார்த்தார். கட்டு இல்லை, தையல் இல்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"தழும்புகூட இல்லாம ஆக்கிட்டாரே ஆண்டவரு" என்று அழுதார்.

பக்கத்துக் கட்டிலில் பரங்கிப்பேட்டை பாய்வீட்டு அம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் மெதுவாக, "இன்னும் ஆபரேஷனே ஆகலீங்க. பயந்துக்கிட்டு எழுந்துடுச்சு" என்று போட்டு உடைத்தார். அத்தை எழுந்து வந்து என் கழுத்தைத் தடவினார். கட்டி அங்கேயேதான் இருந்தது.

நான் திட்டு வாங்கத் தயாரானேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். காலை ஆராதனையில் காணிக்கை உறை போட்டு, என் மருமகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஸ்தோத்திரம் என்று எங்கள் கோயில் பாதிரியார் ஐயரைக் கொண்டு அறிவிக்கச் செய்திருக்கிறார். சபையே எழுந்து நின்று பாடியிருக்கிறது. யோசுவா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கத்தினேன். அத்தை தூக்குச் சட்டியை எடுத்துத் திறந்தார். அப்புறம் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"சொன்ன ஸ்தோத்திரத்த நான் திருப்பி வாங்க முடியாது எஸ்தர். அவரு கேட்டுக்கிட்டாரு. இனிமே அவரு பாடு, ஒன் பாடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. சூப்பு ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தேன்.

அவர் போன பிறகு சாயங்கால வெயில் வார்டுத் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. எனக்குள் விசித்திரமான ஒரு எண்ணம் வந்தது. சிதம்பரத்தில் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே நான் பிழைத்துவிட்டேன், ஜனங்கள் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். கடலூரில் மட்டும்தான் அது இன்னும் நடக்கவில்லை. நான் அந்தச் சிதம்பரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. பயம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. ஆனாலும் ஆண்டவரே என்று ஆரம்பித்தபோது முதல்முறையாக என் தொண்டை என்று முடிக்கவில்லை. உம்முடைய கையில் என்று முடிந்தது. குரல் போனாலும் உம்முடைய கையில்தான் என்று சேர்த்துச் சொன்னேன். சொன்னதும் உடம்பு பஞ்சாக லேசாகிவிட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை தள்ளுகட்டில் வந்தது. நானே ஏறிப் படுத்தேன். மூக்கின்மேல் முகமூடியை வைத்து ஈதரை (மயக்கம் தரும் ஆவி) விட்டார்கள். தித்திப்பாக, குமட்டலாக ஒரு வாசனை. அப்புறம் மயக்கத்துக்குள், எங்கள் ஊருக்குக் கிழக்கே கிள்ளை கிராமத்து உப்பங்கழி. முழங்கால் தண்ணீரில் எங்கள் சபையார் வரிசையாக நின்று பாடுகிறார்கள், புடவைக் கரைகள் தண்ணீரில் மிதக்கின்றன. நான் ஒரு படகில் அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறேன். துடுப்பு போடுவது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"ஒங்க பேரு என்னம்மா?" என்று, மயக்கம் தெளிந்து கண் விழித்த என்னிடம் டாக்டர் குனிந்து கேட்டார். சொன்னேன். வெறும் காற்றுதான் வந்தது. அவர் முகம் ஒரு கணம் மாறியது. நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது, வரலாம், பொறுத்திருக்க வேண்டும் என்றார். முன்பென்றால் அந்த 'வரலாம்' என்ற ஒரு வார்த்தையிலேயே நான் செத்திருப்பேன். இப்போது கண்ணை மூடி, படகு இன்னும் கரைக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நான் கிசுகிசுப்பாகவே பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அண்டை அயலார் என் வீட்டுக்காரருக்கு நல்ல காலம் என்று கேலி செய்தார்கள். எனக்கோ உலகம் நின்று நிதானித்ததுபோல இருந்தது. அதுவரை என் நெஞ்சின் ஓட்டம்தான் எனக்குக் கடிகாரம். இப்போது அரிசி வேகும்வரை அடுப்படியில் சும்மா நிற்க முடிந்தது. மத்தியானம் என்பது எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் கண்டேன். இன்றைக்கும் கழுத்துத் தழும்பில் விரல் வைத்தால் அடியில் நாடி மெதுவாகத் தட்டும். அது யாரோ வேறொருவருடைய உடம்பு, எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அதனால் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

பேச்சு திரும்பிய பிறகு கோயிலுக்குப் போனேன். அத்தை மறுபடியும் காணிக்கை உறையோடு வந்தார். இதற்குத்தான் அன்றைக்கே சொல்லியாயிற்றே என்றார் ஐயர்.

"அன்னிக்குத் தெரியாம சொன்னேன் ஐயரே. இன்னிக்குத் தெரிஞ்சு சொல்றேன்" என்றார் அத்தை.

சபை எழுந்து நின்றது. நானும் வாயைத் திறந்தேன். பழைய குரல் இல்லை. கீழே எங்கிருந்தோ கரகரப்பாக, எனக்கே அறிமுகம் இல்லாத ஒன்று வந்தது. மேல் சுருதி எட்டவில்லை. மூச்சும் போதவில்லை. முதல் அடி முடிவதற்குள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

யோசுவா அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கட்டையிலிருந்து விரலை எடுக்காமல், துருத்தியை மெல்ல மெல்ல அழுத்தி அந்த ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். சபையும் அதோடு நின்றது. நான் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போனார்.